திருவிருந்தில் நான் தடுத்த பெண்

1991இல் வல்லம் வடகாலில் எங்கள் சபைக்கு நான் செயலாளர். ஒரு ஞாயிறு, அப்பம் பகிரும் திருவிருந்துக்கு நாற்பத்திரண்டு பேர், எண்ணிவிட்டேன். கடைசியாக வந்து நின்ற ரூபியின் புடவையில் மலநாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"இன்னாம்மா, இப்படியேவா வருவ?"

"படுத்துக் கெடக்கிற தாசு தாத்தாவக் கழுவிட்டு ஓடியாறேங்கய்யா. பொடவ மாத்த நேரமில்ல."

"அடுத்த மாசம் வாங்கிக்கலாம். போய் உக்காரு."

தலைகுனிந்தபடி திரும்பிப் போனாள். அப்பம் என் கைக்கு வந்தபோதுதான் உறைத்தது. அதே தாசுக்காக முப்பத்தொரு ஞாயிறு பெயர் சொல்லி ஜெபித்திருக்கிறேன். நான்கு வீடு தள்ளியிருந்தும் ஒருநாள்கூட அவர் வாசலை மிதித்ததில்லை. அந்த முதியவரைக் கழுவி அன்று ஆண்டவரை மகிழ்வித்தவளை அவருடைய பந்தியிலிருந்தே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அப்பத்தை வாயில் போட்டுக்கொண்டேன். அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை. என்மேல் எனக்கு வந்த அருவருப்பு இன்றுவரை தீரவில்லை.