கிளட்ச் இல்லாத கார்

என் வீட்டுக்காரருக்கு இடது கால் முட்டிக்குக் கீழே இல்லை. சர்க்கரை வியாதியில் ஒரு புண் வந்து, ஆறாமல் கறுத்து, மதுரை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. ராஜபாளையத்தில் மில்களுக்குப் பருத்தி வாங்கிக் கொடுக்கிற வியாபாரம். அந்த வியாபாரத்தைக் கடையில் உட்கார்ந்து பண்ண முடியாது. சோழபுரம், மகாராஜபுரம் என்று ஊர் ஊராகப் போய், பருத்திக் காட்டில் நின்று, வெடித்த காயிலிருந்து ஒரு கொத்துப் பஞ்சை எடுத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இழுத்து, இழையின் நீளத்தைப் பார்த்துத்தான் விலை சொல்ல வேண்டும். அப்படி இழுத்துப் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று காட்டுக்காரர்களே சொல்வார்கள்.

கால் போன பிறகு அந்த வேலை அவருடைய அண்ணன் கைக்குப் போனது. இவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தார். ஜும்மாவுக்குக்கூடப் போகவில்லை. ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போகிறேன் என்றால், "என்னைய ஒருத்தன் ஏத்தி, ஒருத்தன் எறக்கி, அப்படி ஒண்ணும் போக வேணாம்" என்பார். எனக்குக் கோபமும் வரும், அழுகையும் வரும். இரண்டில் கோபத்தைத்தான் காட்டுவேன். என் பிறவிக் குணம் அப்படி.

சிங்கப்பூரில் கடை வைத்திருந்த என் அண்ணன் லீவில் வந்தபோதுதான் அந்தப் பேச்சை எடுத்தார். "மாப்ள, அங்க எம்புட்டோ பேரு கிளட்சே இல்லாத கார்தான் ஓட்டுதாங்க. கியரு தானா மாறிக்கிடும். அதுக்கு வலது கால் ஒண்ணு போதும்" என்றார். என் வீட்டுக்காரர் மெதுவாகச் சுவரிலிருந்து திரும்பினார். அந்தத் திரும்பலை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் மெட்ராஸில் தன் பழைய ஜப்பான் காரை விற்கப்போவதாக அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. பேசி முடித்து, வண்டி ராஜபாளையம் வந்து சேர்ந்தது.

வந்த புதிதில் அதை வேடிக்கை பார்க்காதவர்கள் இல்லை. ஆளாளுக்குக் கதவைத் திறந்து குனிந்து, மூன்றாவது மிதியைத் தேடினார்கள். "பாய் கார்ல கிளட்ச் களவு போயிருச்சுப்பா" என்று கடைத்தெருவில் கேலி பேசினார்கள். அவரும் சிரித்தார். ஊன்றுகோலைப் பின்சீட்டில் போட்டுவிட்டு, உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டால், வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இவருக்குக் கால் இல்லை என்பதே தெரியாது. சோழபுரத்துக் காட்டு வண்டிப்பாதை வரைக்கும் தானே ஓட்டிக்கொண்டு போய், ஊன்றுகோலோடு இறங்கிப் பஞ்சை இழுத்துப் பார்த்தார். அவருடைய அண்ணன் கையிலிருந்த வியாபாரம் திரும்ப இவர் கைக்கு வந்தது. பாதிப் பயணங்களுக்கு நானும் கூடப் போனேன்.

ஆனால் அந்த வண்டிக்கு வாய்த்த எண்ணெய் இருக்கிறதே, அது நம் ஊரில் கிடைக்காது. கியர்பெட்டிக்கென்றே தனி எண்ணெய். சிவப்பாக, நன்னாரி சர்பத் நிறத்தில் இருக்கும். மற்ற வண்டிகளுக்கு ஊற்றுகிற கெட்டியான கியர் ஆயிலை இதில் ஊற்றினால் அதோடு பெட்டி முடிந்தது என்று விற்றவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எங்கள் ஊர் ஆயில் கடைக்காரரோ, "எல்லாம் எண்ணெய்தான பாய், தொண்ணூறாம் நம்பர் ஊத்துங்க, யானை மாதிரி இழுக்கும்" என்று டின்னைத் தூக்கிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் அந்த டின்னைத் தொடவில்லை. ஊருக்கு வருகிறவர்கள் கையில் என் அண்ணன்தான் சிவப்பு எண்ணெய் கொடுத்துவிடுவார். ஊரில் இருக்கிற பெண்களுக்கெல்லாம் சிங்கப்பூர் அண்ணன்மார் சேலையும் சோப்பும் அனுப்புவார்கள். எனக்கு எண்ணெய் டின் வரும். "உங்க அண்ணன் உனக்குச் சீர் அனுப்பிருக்காருட்டி" என்று அவர் சிரிப்பார். நானும் அதை நகை போல பீரோவில்தான் வைத்துப் பூட்டினேன்.

வண்டியில் அந்த எண்ணெயின் அளவைப் பார்க்கிற முறையும் வேறு. மற்ற வண்டிக்கு விடியக்காலையில், என்ஜின் ஆறிக் கிடக்கும்போது எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்ப்பார்கள். இதற்கு வண்டி நன்றாக ஓடிச் சூடேறி, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். அவர் கம்பியைத் துணியில் துடைக்க மாட்டார். சட்டைப் பையிலிருந்து வெள்ளைப் பஞ்சு ஒரு கொத்து எடுத்து அதில் துடைப்பார். பஞ்சில் சிவப்பு அப்படியே இறங்கினால் நல்ல எண்ணெய். செங்கல் நிறத்துக்கு மாறினால் வயசாகிவிட்டது. பிறகு அதை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். தீய்ந்த வாடை வந்தால் உள்ளே ஏதோ வெந்துவிட்டது என்று அர்த்தம். பருத்திக்காரர் வேறு எப்படித்தான் பார்ப்பார்.

சூடுதான் அந்த வண்டிக்கு எமன். நம் ஊர் வெயிலில் அது பாவப்பட்ட ஜென்மம். ரேடியேட்டரில் தண்ணீர் ஒரு விரல் குறைந்தாலும் அவர் விடமாட்டார். கியரைப் போட்டபடியே பிரேக்கை மிதித்துக்கொண்டு நிற்கக் கூடாது, நின்றால் நியூட்ரலுக்குத் தள்ளிவிட வேண்டும். மூட்டை ஏற்றக் கூடாது. பஞ்சு எடை இல்லாததுதானே என்று அவருடைய அண்ணன் ஒருமுறை டிக்கியில் திணிக்கப் பார்த்தபோது, அவர் எழுந்து நின்று சத்தம் போட்டார். எல்லாவற்றையும்விட முக்கியமாக, வண்டி நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்கவே கூடாது. அந்தப் பெட்டிக்குள் எண்ணெயைச் சுற்ற வைப்பது என்ஜின். என்ஜின் ஓடாமல் சக்கரம் மட்டும் சுற்றினால், உள்ளே இருப்பதெல்லாம் எண்ணெய் இல்லாமல் உரசித் தீய்ந்துவிடும். லாரியில் தூக்கி வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். இதெல்லாம் எனக்கும் மனப்பாடம்.

தொண்ணூறுகள் பிறந்த பிறகு ஒரு புரட்டாசியில், மகாராஜபுரம் போய்விட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். சனிக்கிழமை என்பது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவில்லை. ஊருக்குப் பக்கத்திலேயே திருவண்ணாமலை என்றொரு குன்று, அதன்மேல் இருக்கிற பெருமாளைப் பார்த்துவிட்டு வந்த கூட்டமெல்லாம் ஊருக்குள் இறங்கியிருந்தது. பஸ், மாட்டுவண்டி, டிராக்டர், மொட்டைத் தலைகள். உச்சி வெயில். ஓர் அடி நகர்வதும் நிற்பதுமாக இருந்தோம். அவர் ஒவ்வொரு தடவையும் நியூட்ரலுக்குத் தள்ளித் தள்ளிக் கை ஓய்ந்துபோனார். திடீரென்று வண்டிக்குள் தீய்ந்த வாடை வந்தது. அவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். என்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை. உடனே என்ஜினை அணைத்தார்.

"ஒண்ணும் ஆகலை. கொதிச்சிருக்கு. செத்த நேரம் ஆறவிட்டா சரியாப் போகும். பயப்படாத" என்று என்னிடம் சொன்னார். அவர் சொன்னது சரியாகக்கூட இருந்திருக்கும்.

அந்தச் செத்த நேரத்தை யாரும் கொடுக்கவில்லை. பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரனை அழுத்தினார். போலீஸ்காரர் ஒருவர் வந்து, "எடு, எடு, வண்டிய எடு" என்று கூரையைத் தட்டினார். எங்கள் போதாத நேரம், சற்று முன்னால் சோழபுரத்து டிராக்டர் ஒன்று நின்றது. டிரெய்லர் நிறையக் கோயிலுக்குப் போய்த் திரும்பிய சனம். எல்லோரும் அவருக்குப் பருத்தி போடுகிறவர்கள். பாய் வண்டி நின்றுபோயிற்று என்றதும் குதித்து ஓடி வந்தார்கள். கயிற்றோடு வந்தார்கள்.

"கட்டி இழுக்க வேணாம்ப்பா, இது வேற மாதிரி வண்டி. ஓரமாத் தள்ளிவிட்டாப் போதும், நான் லாரிக்குச் சொல்லிவிடுதேன்" என்றார் அவர்.

"என்ன பாய், எங்ககிட்டப் போயி கூச்சப்படுதீய? லாரிக்கு எதுக்குத் தெண்டம்? போற வழிதான."

"கூச்சமில்லப்பா. இழுத்தா கியர்பெட்டி போயிரும்."

"நீங்க சும்மா உக்காருங்க. காலில்லாத மனுசரை நடுரோட்டுல விட்டுட்டுப் போனா எங்களுக்குச் சோறு எறங்குமா?"

நம் பக்கத்தில் முதலில் வேண்டாம் என்று சொல்வது மரியாதை. விருந்தாளி வேண்டாம் வேண்டாம் என்பார், நாம் இலையில் வைத்துக்கொண்டே இருப்போம். அவர் எவ்வளவுக்கு மறுத்தாரோ அவ்வளவுக்கு அவர்களுக்குப் பிரியம் பொங்கியது. நான் இறங்கிக் கத்தினேன். "சொல்லுதது காதுல விழலையா? கயித்தை அவுங்க!" ஒருவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "அக்கா, வெயில்ல நிக்காதீய, உள்ள உக்காருங்க. நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார். இதற்குள் முடிச்சுப் போட்டாகிவிட்டது. போலீஸ்காரர் விசில் ஊதினார். என் வீட்டுக்காரர் கியரை நியூட்ரலில் வைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். நான் ஏறிக் கதவை அறைந்து சாத்தினேன்.

ஊர் எல்லை தாண்டியதும் டிராக்டர் வேகம் பிடித்தது. கொஞ்ச தூரத்தில் அடியிலிருந்து மெல்லிய சத்தம் ஒன்று கிளம்பியது. பிறகு வாடை. அவர் ஹாரனை அழுத்தினார், நிறுத்தச் சொல்லித்தான். டிரெய்லரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்து, சந்தோஷமாகக் கையை ஆட்டி, "கோவிந்தா!" என்றார்கள். அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பாய் வேகமாகப் போகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது, டிராக்டர் இன்னும் வேகமாகப் போனது. நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்திய கத்தலை எதிர்காற்று கொண்டுபோயிற்று. ஒரு கட்டத்தில் அவர் ஹாரனை விட்டுவிட்டார். "வெந்து போச்சு, விடு" என்றார்.

வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பிரசாத லட்டுகூடக் கொடுத்தார்கள். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை என்பதுதான் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம். கெட்டவன் ஒருத்தன் செய்திருந்தால் அவன் வம்சத்தையே இழுத்துப் பேசியிருப்பேன். அவர் கம்பியை உருவிப் பஞ்சில் துடைத்தார். பஞ்சு கரியாக வந்தது. பீரோவிலிருந்த டின்னையெல்லாம் எடுத்து, பழசை வடித்துப் புதுசை ஊற்றினார். வண்டி முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. மதுரையில் அந்தப் பெட்டியைத் திறக்கவே ஆள் இல்லை. மெட்ராஸில், உள்ளே மாற்ற வேண்டிய சாமான் ஜப்பானிலிருந்து வர வேண்டும், இந்த மாடலுக்கு அங்கேயும் நிறுத்திவிட்டார்கள் என்றார்கள். இதே போல இன்னொரு வண்டிக்கும் என் அண்ணன் அலைந்தார். அமையவில்லை.

கடைசியில் அவருடைய அண்ணன்தான் ஏற்பாடு செய்தார். "வண்டி மழையில நனைஞ்சு வீணாப் போகுது" என்று ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோய், தானியங்கிப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, வேறு வண்டியின் சாதாரண கியர்பெட்டியைப் பொருத்தச் சொன்னார். கிளட்சைக் கைக்கு வைக்க முடியாதா என்று நான் கேட்டதற்கு, அதெல்லாம் இதில் ஆகாது என்றார்கள். வண்டி திரும்பி வந்தது. அருமையாக ஓடியது. யாரும் குறை சொல்ல முடியாது. எண்ணெய் எந்தக் கடையிலும் கிடைத்தது. இடது பக்கத்தில் புதிதாக ஒரு மிதி முளைத்திருந்தது. அதை மிதிப்பதற்கு ஒரு டிரைவரைச் சம்பளத்துக்கு வைத்தார்கள்.

இவர் பின்சீட்டில் உட்கார்ந்து சில நாள் போய்வந்தார். காட்டில் கார் நின்றதும், "நீங்க எறங்க வேணாம் பாய்" என்று பஞ்சைக் கார் ஜன்னலுக்கே கொண்டுவந்தார்கள். ஜன்னலில் நீட்டிய பஞ்சு நல்லதாக மட்டுமே இருக்கும், மூட்டையில் இருப்பது வேறாக இருக்கும். அதைவிட, அந்த நீட்டலை அவரால் தாங்க முடியவில்லை. பிறகு டிரைவரோடு அவருடைய அண்ணன் போக ஆரம்பித்தார். இவர் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மாத்திரையைக் கையில் கொடுத்தால் தலையணைக்கு அடியில் வைத்தார். வண்டி ஓட்டிய காலத்தில் தினமும் கழுவித் துடைத்து விரல் இடுக்கு வரை பார்த்துக்கொண்ட வலது காலை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் கழுவப் போனால் இழுத்துக்கொள்வார்.

அதில் புண் வந்தது. மதுரைக்குக் கூட்டிப்போனோம். வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன், டாக்டர் அறையிலும் திட்டினேன். டாக்டர் புண்ணைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இன்னும் கைமீறவில்லை, இங்கேயே தங்கிக் கட்டுப் போட்டு, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் காலைக் காப்பாற்றிவிடலாம், ஆனால் நீங்கள் ஒத்துழைக்க வேண்டும் என்றார்.

"எடுத்துருங்க டாக்டர்" என்றார் என் வீட்டுக்காரர். "அதுக்கு இனிமே என்ன வேலை இருக்கு?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மறுபடி திட்டுவேன், அதில் அவர் மனசு மாறும் என்று எதிர்பார்த்திருப்பார். அன்றைக்கு நான் அழுகையைத்தான் காட்டினேன்.