குட்டைக் கோதுமையும் நெட்டைச் சந்தேகமும்

குட்டைக் கோதுமை காற்றில் சாயாது. அந்தக் குட்டைக் குணம் எந்த மரபணுவில் உட்கார்ந்திருக்கிறது என்று தேடுவது என் தொழில். உண்மையில் எதையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் சம்பளம். வாசல்வரை போய்விட்டுப் பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருகிறவர்களுக்கு என் பாடு புரியும்.

ஏசி அறையில் என்ன?

மண்ணூர்பேட்டையில் ஒரு வாடகை ஷெட்தான் எங்கள் ஆய்வகம். சென்னை வெயில் கோதுமைக்கு ஆகாது என்பதால் ஏசி போட்டு, ஊதா விளக்கில் வளர்க்கிறோம். ஷெட்டின் சொந்தக்காரர் ஒருநாள் உள்ளே வந்தார். ஓர் இலையைக் கிள்ளி மோந்து பார்த்தார், என்னையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"ரேஷன்ல போடுற கோதுமைக்கு ஏசி எதுக்கும்மா? உண்மைய சொல்லு, போலீஸ் கீலீஸ் வருமா?"

மூலையில் ஒரு புள்ளி

குட்டை மரபணு இருக்கிறது என்று நான் சோதித்துச் சொன்ன செடிகளில் சில திடீரென்று கிடுகிடுவென வளர்ந்தன. இலை மாதிரிகளை நான்தான் மாற்றிவிட்டேன் என்றார் ஆய்வகத் தலைவர். என்னுடையது ஒப்பந்த வேலை. என் சந்தேகம் உடன் வேலை பார்க்கும் சரவணன்மேல் பாய்ந்தது. மாதிரிகள் வைக்கும் பிளேட்டை அவன் திருப்பி வைத்திருந்தால் முதல் செடி கடைசிச் செடியாகிவிடும். அவன் இல்லாத நேரம் பார்த்து பிளேட் மூலையில் புள்ளி வைத்தேன். கண்டுபிடித்துவிட்டான்.

"எந்தப் பக்கம்னு தெரியத்தான் கம்பெனியே மூலைய வெட்டி அனுப்புறான் மேடம். என் மேல டவுட்டுன்னா நேரா கேளுங்க!"

டானிக்

மறுபடி இலை கிள்ளிச் சோதித்தேன். மரபணு இருந்த இடத்திலேயே இருந்தது. அப்படியானால் செடிக்கு யாரோ ஏதோ தருகிறார்கள். மறுநாள் சீக்கிரமே போய்க் கதவோரம் நின்றேன். தண்ணீர் ஊற்றும் மாரி அண்ணன், குட்டைகளுக்கு மட்டும் ஒரு பாட்டிலிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். பூச்செடிக்கான வளர்ச்சி டானிக்! சில குட்டை ரகங்கள் அதற்கு அசையவே அசையாது. எங்களுடையது அசைகிற ரகம்.

"எல்லாம் வளந்துகினு கீது, இதுங்க மட்டும் குள்ளமா நிக்குது. உனக்குப் பாவமா இல்லியாம்மா?"

தலைவர் அறை

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மாரி அண்ணனே தலைவரிடம் வந்து சொன்னதால் என் வேலை பிழைத்தது. தலைவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அண்ணன் வெளியே போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"இப்படிச் சொல்லச் சொன்னது நீங்க இல்லையே?"

கோதுமையைக் குட்டையாக்கும் மரபணு எங்கள் கையில் இருக்கிறது. சந்தேகத்தைக் குட்டையாக்கும் மரபணுதான் இன்னும் அகப்படவில்லை.