புளி தட்டிய இங்கிலீஷ்

போன வாரம் நான் ஒரு இன்டர்வியூவுக்குப் போனேன். பயப்படாதீர்கள்... இந்த வயதில் எனக்கு யாரும் வேலை தரப்போவதில்லை. எதிர் வீட்டுப் பெண்ணுக்குத் துணையாகப் பெங்களூர் வரைக்கும் போனேன், அவ்வளவுதான்.

போனவள் வாயடைத்துப் போய்த் திரும்பி வந்திருக்கிறேன். என் வாய் அடைபடுவது சாதாரண விஷயமா? வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரியாததா!

என் கணவருக்கு பேங்க்கில் தருமபுரிக்கு மாற்றல் என்றதும், தஞ்சாவூர்ப் பக்கத்து உறவெல்லாம் துக்கம் விசாரிப்பது போல வந்தது. "தருமபுரியா! மாப்பிள்ளை அப்படி என்ன தப்புப் பண்ணினார்?" என்று என் அத்தை நேராகவே கேட்டுவிட்டாள். இவர் ஒரு தப்பும் பண்ணவில்லை. தருமபுரியும் தண்டனை இல்லை என்பது வந்த சில மாதங்களிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஒரே ஒரு குறை — இங்கே யாரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் நான் 'பேங்க்கம்மா'தான்.

எங்கள் எதிர் வீடு லூர்தம்மாளுடையது. மாசி பிறந்தால் அவள் வீட்டு வாசலில் புளி மூட்டைகள் வந்து இறங்கும். ஓட்டை நீக்கி, நாரை உரித்து, கொட்டையைத் தட்டி எடுத்து மண்டிக்காரருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். லூர்தம்மாளும் அவள் தங்கைகள் இருவரும் ஆளுக்கொரு கல், ஆளுக்கொரு சின்னச் சுத்தியல் என்று காலையில் உட்கார்ந்துவிடுவார்கள். டொக், டொக், டொக்... வெயில் தலைக்கு மேல் வரும்வரை ஓயாது. வந்த புதிதில் எனக்குத் தலைவலி வந்தது. இப்போது அந்தச் சத்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில்தான் என்னமோ போல் இருக்கிறது.

லூர்தம்மாளின் மகள் பிலோமினா. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். துறுதுறுவென்ற பெண். மாதா கோயில் பாட்டுக் குழுவில் முதல் குரல் அவளுடையதுதான். ஆனால் பேச வாயெடுத்தால் திக்கும்.

திக்குவாயை நாம் சிரிப்பதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறோம், கவனித்திருக்கிறீர்களா? நாடகத்தில் ஒருவன் திக்கினால் கொட்டகையே குலுங்குகிறது. பக்கத்தில் நின்று பார்த்தால் சிரிப்பு வராது. பிலோவுக்கு 'ப' என்ற எழுத்து எமன். பாலக்கோட்டில் பெரியம்மா வீடு இருக்கிறது. பஸ்ஸில் ஏறிக் கண்டக்டர் முன்னால் நின்றால் 'பா'வைத் தாண்டி வண்டி நகராது. பின்னால் நிற்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அதனால் அவள் என்ன செய்வாள் தெரியுமா? "மாரண்டஹள்ளி" என்று டிக்கெட் வாங்கிவிடுவாள். அது பாலக்கோட்டையும் தாண்டி இருக்கிற ஊர்! கூடக் காசு கொடுத்துவிட்டு, வழியில் பாலக்கோட்டிலேயே இறங்கிக்கொள்வாள். "ஏம்மா, உன் ஊரு இன்னும் வரலியே" என்று கண்டக்டர் கத்துவாராம். இவள் திரும்பிப் பார்க்காமல் நடப்பாளாம்.

லூர்தம்மாள் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிக்க வரவில்லை.

பிலோவுக்கு ஒரே ஆசை — நர்ஸ் ஆக வேண்டும். போன வருடம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று இங்கிலீஷில் கேட்டார்களாம். பதில் அவளுக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை. நின்றாள்... நின்றாள்... நின்றுகொண்டே இருந்தாள். இந்தப் பெண்ணுக்கு இங்கிலீஷ் வராது என்று அனுப்பிவிட்டார்கள்.

அதோடு அவள் அப்பா தீர்ப்பு எழுதிவிட்டார். "இன்னும் ஒரே ஒரு வாட்டி போயிட்டு வரட்டும். அதுவும் ஆவலைன்னா வூட்டோட ஒக்காந்து புளி தட்டட்டும். பொண்ண நாலு பேரு முன்னால நிக்க வெச்சு வேடிக்கை காட்டவா பெத்தோம்?" கோபத்தில் சொன்னதில்லை அது. பெண் தலைகுனிந்து திரும்பி வந்ததை இன்னொரு முறை பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை.

ஆக, கடைசி வாய்ப்பு. இந்த முறை பெங்களூரில், வேறொரு மிஷன் ஆஸ்பத்திரி.

பங்குனியில் ஒரு நாள் காலை. காபி டம்ளரோடு வாசலுக்கு வந்தேன். டொக், டொக்கோடு சேர்ந்து வேறு ஏதோ கேட்டது. என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை.

"ஐ ஹேவ் — டொக் — வாஷ்ட் — டொக் — த கிளாத்ஸ் — டொக்!"

"ஐ ஹேட் — டொக் — வாஷ்ட் — டொக்..."

"ஐ ஷேல் ஹேவ்..."

சத்தியமாகச் சொல்கிறேன், பர்ஃபெக்ட் டென்ஸ்! புளிக் குவியலில் சாய்த்து வைத்த இலக்கணப் புத்தகத்தைப் பார்த்துப் பிலோ ஒரு வரி சொல்கிறாள். அம்மாவும் சித்திகளும் சுத்தியலைப் போட்டபடியே கூடச் சொல்கிறார்கள். மூவரும் பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவர்கள்.

நமக்கெல்லாம் இந்த ஹேவ், ஹேட் எப்படி வந்தது? பிரம்புக்குப் பயந்து வந்தது. அப்போதும் முழுசாக வரவில்லை. இன்றைக்கும் ஒரு இங்கிலீஷ் கடிதம் எழுத உட்கார்ந்தால், 'ஹேட்' போடுவதா வேண்டாமா என்று எனக்குப் பேனா நின்றுவிடும். லூர்தம்மாளுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. ஓங்கி ஒரு தட்டு... கொட்டை ஒரு பக்கம், ஹேட் ஒரு பக்கம்!

சிரித்துக்கொண்டே தெருவைத் தாண்டிப் போனேன். "என்ன லூர்து, சீமைக்குக் கிளம்பறியா?"

"நமக்கு எதுக்குங்க பேங்க்கம்மா சீமை? பாப்பா ஒண்டியாச் சொன்னா நிக்குதுங்க. நாங்களும் கூடச் சொன்னா ஓடுதுங்க. அதான் சொல்றோம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிலோ திக்கவில்லை! அத்தனை வாக்கியத்தில் ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை.

"பிலோ, நீ மட்டும் ஒண்ணு சொல்லேன்" என்றேன். அவள் சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டாள். இரண்டு தட்டுத் தட்டினாள். "ஐ ஹேவ் பீன் ஹெல்பிங் மை மதர், சின்ஸ் ஐ ஃபினிஷ்ட் ஸ்கூல்" — தண்ணீர் மாதிரி வந்தது. சுத்தியலைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்து, "எ... எ... எப்படிக்கா இருக்குது?" என்றாள்.

பாடும்போது நிற்காத நாக்கு, தட்டுகிற சத்தத்திலும் நிற்கவில்லை. இதை எந்த டாக்டர் கண்டுபிடித்துச் சொன்னார்? யாரும் இல்லை. "சுத்தியலு போடுறப்ப பாப்பா பேசுனா பேச்சு வழுக்கிட்டு வந்துருதுங்க. இத்தினி வருசமா எனக்கே தெரியாமப் போச்சு" என்றாள் லூர்தம்மாள்.

அன்றிலிருந்து தெருவே பர்ஃபெக்ட் டென்ஸில் வாழ ஆரம்பித்தது. பால்காரர் "பால் ஹேஸ் கம்!" என்று கூவினார். காக்கா வடகத்தைத் தூக்கிக்கொண்டு போனால், "க்ரோ ஹேஸ் டேக்கன்!" என்று சின்னச் சித்தி கத்தினாள். என் வீட்டுக்காரர்கூட ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து "ஹேவ் யூ குக்ட்?" என்றார். எந்த டென்ஸிலும் அது பதில் சொல்லத் தகுந்த கேள்வி இல்லை.

ஆனால் உள்ளுக்குள் ஒரு கவலை அரித்துக்கொண்டே இருந்தது. இன்டர்வியூ அறையில் சுத்தியல் ஏது? பிலோவிடம் கேட்டேவிட்டேன். "ம... மனசுக்குள்ள தட்டிக்குவேன்க்கா" என்றாள். தலையை ஆட்டி வைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை பெங்களூர் போய்ச் சேர்ந்தோம். இங்கிலீஷ் தெரிந்தவள் ஒருத்தி கூட வரட்டும் என்று லூர்தம்மாள் என்னையும் இழுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் நீளமான வராந்தா. மர பெஞ்சு. எங்களைப் போலவே பெண்களைக் கூட்டி வந்த தகப்பன்மார், தாய்மார் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இன்டர்வியூ அறைக்கு அரைக் கதவுதான். உள்ளே பேசுவது அத்தனையும் வெளியே கேட்டது.

பிலோ உள்ளே போனாள். "குட் மார்னிங், சிஸ்டர்" என்றது தப்பித்துக்கொண்டது. பிறகு வயதான ஒரு குரல் கேட்டது. "வாட் ஹேவ் யூ பீன் டூயிங் சின்ஸ் யூ லெஃப்ட் ஸ்கூல்?"

அதே கேள்வி! எத்தனை காலைகள் புளியோடு சேர்த்துத் தட்டி வைத்த பதில்! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

உள்ளே சத்தமே இல்லை.

"கேட்டுட்டாங்களாங்க?" என்றாள் லூர்தம்மாள்.

"கேட்டாச்சு."

"அதே கேள்விங்களா?"

"அதேதான்."

இன்னும் சத்தம் இல்லை. நாற்காலி நகர்கிற ஓசை கேட்டது. இனி அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

டொக்.

கண்ணைத் திறந்தேன். லூர்தம்மாள் கையை மடக்கிப் பெஞ்சில் தட்டிக்கொண்டிருந்தாள். டொக், டொக், டொக்... வாசலில் புளி தட்டுகிற அதே நிதானம். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அட்டெண்டர் ஓடி வந்தார். "அம்மா, சத்த மாட பேடி!" என்று, சத்தம் போடக் கூடாதெனக் கன்னடத்தில் அதட்டினார். "ஸ்வல்ப இரப்பா, ஆயிப் போச்சு" என்று பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாக அவரைப் பொறுக்கச் சொன்னாளே தவிர, கை நிற்கவில்லை. அவர் கையைப் பிடிக்க வந்தார். இவள் இடது கைக்கு மாறினாள்.

உள்ளேயிருந்து குரல் எழுந்தது.

"ஐ ஹேவ் பீன் ஹெல்பிங் மை மதர், சிஸ்டர். வீ ஹேவ் பீன் கிளீனிங் டேமரிண்ட். ஐ ஹேவ் ஆல்வேஸ் வான்டட் டு பி எ நர்ஸ்."

அட்டெண்டர் பிடிக்க நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல வெட்கமில்லை.

அரைக் கதவு திறந்தது. மூக்குக் கண்ணாடியோடு சிஸ்டர் வெளியே வந்தார். பின்னால் பிலோ. யார் தட்டியது என்று சிஸ்டர் கேட்பதற்குள் அட்டெண்டர் காட்டிக்கொடுத்துவிட்டார். லூர்தம்மாள் எழுந்து கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"மை மதர்" என்றாள் பிலோ.

சிஸ்டர் தாயையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். கோபப்படவில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டார். நாளைக்கு வார்டில், ஒரு நோயாளியின் பக்கத்தில் நீ நிற்கும்போது, உனக்காக யாரம்மா தட்டுவார்கள்?

"என்னாங்க கேக்குறாங்க?" என்று லூர்தம்மாள் என் காதைக் கடித்தாள். இரு என்று ஜாடை காட்டினேன். நியாயமான கேள்வி. அதுதான் கொடுமை.

பிலோ பதில் சொல்லத் தொடங்கினாள். "பே..." என்றாள். நின்றது. மறுபடியும், "பே... பே..." கழுத்து நரம்பு புடைத்தது. முகம் சிவந்தது. வேறு வார்த்தைக்குத் தாவிவிடு பெண்ணே, அதில்தான் நீ கெட்டிக்காரியாயிற்றே என்று என் மனசு அடித்துக்கொண்டது. லூர்தம்மாளின் கை பெஞ்சுப் பக்கம் போனது. பிலோ அதைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

வராந்தா முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. சிஸ்டரும் அவசரப்படுத்தவில்லை.

"பே... பேஷன்ட்ஸ் ஆர் இன் பெட், சிஸ்டர். தே வில் வெயிட்."

நோயாளிகள் கட்டிலில்தானே படுத்திருக்கிறார்கள், அவர்கள் காத்திருப்பார்கள்!

சிஸ்டர் சிரித்தார் பாருங்கள்... கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, ஜூன் மாதம் வந்து சேர்ந்துவிடு, வெள்ளைப் புடவை கொண்டு வா என்றார். அதட்டிய அட்டெண்டரே போய்ப் பஞ்சும் டிஞ்சரும் கொண்டுவந்தார். லூர்தம்மாளின் விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்ததை அப்போதுதான் நாங்கள் பார்த்தோம்.

ஊர் திரும்பும்போது பிலோ ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். "பாப்பா கடைசியா என்னாங்க சொல்லுச்சு?" என்று கேட்டாள் லூர்தம்மாள். தமிழில் சொன்னேன். "ஆமாங்க, அவங்க எங்க போயிருவாங்க?" என்றாள்.

நானும் பேசத் தெரிந்த நாளிலிருந்து ஒரு இடத்தில்கூடத் தடுக்காமல் பேசிக்கொண்டே இருக்கிறேன். வாராவாரம் எழுதவும் எழுதுகிறேன். ஒரு வராந்தாவே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து கேட்கிற மாதிரி ஒரே ஒரு வாக்கியம்... இதுவரைக்கும் சொல்லியிருக்கிறேனா?

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக என் கணவரிடம் இதைக் கேட்டேன்.

பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே அவர் சொன்னார்: "ம்... என்ன கேட்டே?"