பன்னிரண்டு சதவீதத்தில் நின்ற சனிக்கிழமை

என் அக்கா வீட்டுக்காரருக்கு அவருடைய பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வேலை பார்க்கும் லிஃப்ட் கம்பெனியிலும் சரி, குடியிருக்கும் கட்டடத்திலும் சரி, அவர் வெறும் ‘டெஸ்டர்’. சட்டைப் பையில் எந்நேரமும் கரன்ட் பார்க்கும் டெஸ்டர் ஒன்று செருகியிருக்கும். கல்யாணத்துக்கே அதோடு வந்தவர். அவருடைய கல்யாணத்தைத்தான் சொல்கிறேன்.

இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். கடையில் வாங்கிய எந்தப் பொருளும் அவர் வீட்டில் வாங்கியபடி இருக்காது. அலமாரியைத் திறந்தால் விளக்கு எரியும். துவைக்கும் மெஷின் நின்றால் சமையலறையில் மணி அடிக்கும். அக்காவின் கம்ப்யூட்டரையும் அவர் விட்டுவைக்கவில்லை. கீழே குனிந்து குனிந்து அவளுக்கு முதுகு வலிக்கிறது என்று, கம்ப்யூட்டர் பெட்டியை மேஜைக்கு அடியில் ஒரு மர அடைப்புக்குள் போல்ட் போட்டு இறுக்கி, அதன் முகத்தை இரும்புத் தகட்டால் மூடி, பட்டன், பென்டிரைவ் துளை எல்லாவற்றையும் மேஜை விளிம்புக்கே கொண்டுவந்துவிட்டார். லிஃப்டுக்குள் இருக்குமே, அதே மாதிரி பளபளவென்று ஒரு பேனல். இப்படி அவர் செய்தவற்றில் பாதிக்கு மேல் நன்றாகவே வேலை செய்யும். இதைச் சொல்லாவிட்டால் அக்கா என்னோடு பேசமாட்டாள்.

அக்காவும் அதே கம்பெனிதான். பதினாறு வருடமாக அங்கே புகார் போனை எடுப்பவள். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் முதலில் அவள் குரல்தான் கேட்கும். அவள் விசாரித்து, முகவரியைக் குறித்து, மெக்கானிக்கை அனுப்புவாள். அத்தானையும் அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தாள். ஐந்து மாதம் குரலை மட்டும் கேட்டுவிட்டு, ஆறாவது மாதம் நேரில் வந்து பெண் கேட்ட மனிதர் அவர்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு போன் வந்தது. நின்றுபோன லிஃப்டுக்குள் ஒருவருக்கு நெஞ்சுவலி. அக்கா ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்கு இணைப்பைக் கொடுத்துவிட்டுப் போனை வைக்க வேண்டியதாயிற்று. அந்த ஆள் பிழைத்தாரா என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து ஒரே பிடிவாதம். அந்த ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை நாற்காலியில் தானே உட்கார வேண்டும் என்றாள். அதற்குத் தேர்வு உண்டு, வருடத்துக்கு ஒரு தடவை. இரண்டு தடவை கொஞ்ச மார்க்கில் கோட்டை விட்டாள். நாற்பத்திரண்டு வயதுவரைதான் எழுதலாம். இந்த வருடம் அவளுக்கு நாற்பத்திரண்டு.

தேர்வு சனிக்கிழமை மூன்று மணிக்கு. வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் பதிவு செய்த அதே கம்ப்யூட்டரில், அதே அறையில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மெயில் வந்தது. புது ஆபரேட்டிங் சிஸ்டம் இருந்தால்தான் தேர்வு திறக்குமாம். அதை முந்தின மாதமே சொன்னால் இவர்களுக்கு என்ன கேடு என்று நான் இப்போதும் கேட்கிறேன்.

நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். கடைக் கம்ப்யூட்டர் ஒரு தடவை படுத்தபோது அதை எழுப்பிவிட்டேன் என்பதற்காக, எங்கள் குடும்பத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் நிபுணர் என்று பெயர். காலை எட்டு மணிக்கே பென்டிரைவோடு போய்விட்டேன்.

“அரைமணி நேர வேலை அக்கா. ஒன்பது மணிக்கு நான் வீட்டுல இருப்பேன்” என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதல்ல. பழையதை முழுக்க அழிக்கலாமா என்று திரை கேட்டது. அழி என்று நானே அமுக்கினேன். இனி திரும்பிப் போக வழியில்லை.

கோப்புகள் நகலெடுக்கப்படுகின்றன என்று வந்தது. பூஜ்ஜியம் சதவீதம். பத்து நிமிடம் கழித்து ஒன்று. நான் காலை மாற்றிப் போட்டு உட்கார்ந்தேன். ஒன்பதரைக்கு ஏழு.

“மாப்ள, அரைமணி நேரம்னு சொன்னீங்க” என்றார் அத்தான். கேலியாகத்தான். ஆனால் அவர் கண் கடிகாரத்தின் மேல் இருந்தது.

பென்டிரைவ் சரியில்லை என்று தீர்ப்புச் சொன்னேன். கொண்டுபோயிருந்த என் லேப்டாப்பை வைத்து அக்காவின் பென்டிரைவில் ஏற்றி, பேனலில் செருகி, மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கினோம். அதே கதை. அத்தான் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் தெருமுனைக் கடைக்கு ஓடி, புதிதாக ஒன்று வாங்கி வந்தார். அதை உறையிலிருந்து கிழித்தெடுக்க ஆன நேரத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. அதுவும் நகருவேனா என்று அடம்பிடித்தது.

அதற்கப்புறம் அவர் இறங்கினார். அவர் வேலை செய்து நான் பக்கத்தில் நின்று பார்த்தது அன்றைக்குத்தான். அந்த அடைப்பின் பக்கக் கதவைத் திறந்து, கம்ப்யூட்டரை அணைத்து, மெமரி அட்டையைக் கழற்றி, ரப்பரால் துடைத்து மாட்டி, மறுபடி ஓடவிட்டார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஹார்ட் டிஸ்க்கின் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினார். லிஃப்ட் மோட்டாரை அப்படித்தான் கேட்பாராம். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

“நல்லா சுத்துது. நோய் இதுல இல்ல” என்றார்.

பிரிண்டரைப் பிடுங்கினார், கேமராவைப் பிடுங்கினார், ஸ்பீக்கரைப் பிடுங்கினார். ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுப் பார்ப்பதுதான் அவர் தொழில்முறை. சந்தேகப்பட்ட பொருளெல்லாம் கட்டிலில் வரிசையாகக் கிடந்தன. மணி பன்னிரண்டு இருபது. திரையில் பன்னிரண்டு சதவீதம். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

“இந்தக் கம்ப்யூட்டரே ஓட்டை அத்தான். தூக்கிப் போட வேண்டியது.”

“கம்ப்யூட்டரைத் திட்டாதீங்க மாப்ள. நேத்துவரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு.”

“அப்ப என்னைத் திட்டுறீங்களா?”

“நான் யாரையும் திட்டல.”

அக்கா அதுவரை ஜன்னல் பக்கத்தில் நாற்காலி போட்டு, மடியில் குறிப்பு நோட்டை வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது நோட்டை மூடிவிட்டு எழுந்து வந்தாள். கத்தப்போகிறாள் என்று நினைத்தேன்.   வந்ததோ அவளுடைய ஆபீஸ் குரல், வீட்டில் நான் கேட்டதே கிடையாது.

“வணக்கம், புகார் பிரிவு. உள்ள யாராவது மாட்டிக்கிட்டு இருக்காங்களா?”

அத்தான் நிமிர்ந்து பார்த்தார். “என்னம்மா இது?”

“கேட்கிறதுக்குப் பதில் சொல்லுங்க சார். யாராவது மாட்டிக்கிட்டு இருக்காங்களா?”

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “ஒரே ஒரு அம்மா” என்றார்.

“மொத்தமா நின்னுடுச்சா, மெதுவா போகுதா?”

“மெதுவா போகுது.”

“எப்பவும் மெதுவா, இல்ல ஒரு இடத்துல மட்டும் மெதுவா?”

அவர் கொஞ்சம் யோசித்தார். விளையாட்டு அவர் முகத்திலிருந்து போய்விட்டது. “டிஸ்க் நல்லா ஓடுது. பென்டிரைவ்லேருந்து எடுக்கும்போது மட்டும்தான் மெதுவா.”

“எத்தனை பென்டிரைவ் மாத்தினீங்க?”

“மூணு.”

“எங்க செருகினீங்க?”

“இதோ, பேனல்ல.”

“மூணையுமா?”

“மூணையும்தான்.”

“சரி. கடைசிக் கேள்வி சார். அதுல கடைசியா கை வெச்சது யாரு?”

இந்தக் கேள்வியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அக்காவின் ஆபீஸ் மேஜையில் கேள்விகள் எழுதிய அட்டை ஒன்று ஒட்டியிருக்கும். அதில் கடைசிக் கேள்வியைச் சேர்க்கச் சொல்லி மேலாளரிடம் மன்றாடியவர் அத்தானேதான். கட்டடக்காரர்கள் யாராவது நான் பார்க்கிறேன் என்று மூக்கை நுழைத்துக் கெடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி போன் செய்வார்களாம். பாதிப் புகார் அப்படித்தான் என்பார்.

 அவர் பேனலையே பார்த்தார். அதற்குப் பின்னால் போகும் ஒயர், வேலையிடத்தில் மிச்சப்பட்ட ஒயரை அவரே வெட்டிப் பற்றவைத்தது. இரண்டரை மீட்டர். மவுஸையும் கீபோர்டையும் அது சமாளித்துக்கொண்டிருந்தது. இத்தனை பெரிய சுமையை அதன் தலையில் யாரும் இதற்கு முன் ஏற்றியதில்லை. காலையிலிருந்து வீட்டிலிருந்த எல்லாவற்றையும் அவர் சந்தேகப்பட்டார், கடைக்காரனின் பென்டிரைவைச் சந்தேகப்பட்டார், மனசுக்குள் என்னையும் சந்தேகப்பட்டார். தன் கை செய்த ஒன்றை மட்டும் தொடவே இல்லை.

“நான்தாம்மா” என்றார்.

“நன்றி சார். மெக்கானிக்கை அனுப்புறேன்” என்றாள் அக்கா. சொல்லி முடித்ததும் பொத்தென்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம். ஒயரைத் தாண்டி நேராகப் பெட்டியில் செருக வேண்டுமென்றால் முன்பக்கம் தகடு, பின்பக்கம் சுவர். பெட்டியை வெளியே எடுத்தாக வேண்டும். அதை நான்கு போல்ட் பிடித்திருந்தது. சாதாரண போல்டா, லிஃப்டுக்குப் போடுகிற போல்ட். அத்தான் தரையில் குப்புறப் படுத்தார். நான் மறுபக்கம் ஸ்பானரோடு படுத்தேன். தேர்வு எழுதப் போகிறவள் டார்ச் பிடித்தாள். மூன்று கழன்றது. நான்காவது தலைகீழாக நின்றாலும் வரமாட்டேன் என்றது.

“இவ்வளவு இறுக்கமா யாராவது போடுவாங்களா அத்தான்?”

“இறுக்கமா போடாட்டி ஆள் செத்துடுவாங்க மாப்ள.”

“கம்ப்யூட்டர்லயா?”

அவர் அசடு வழிந்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு திருகு திருகினார். மேஜையே கிறீச்சிட்டு ஓர் அடி நகர்ந்தது. பெட்டி வெளியே வந்தது. பின்பக்கத் துளையில் பென்டிரைவைச் செருகியபோது மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து.

பூஜ்ஜியம். நான்கு. ஒன்பது. நான் உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். பதினெட்டு என்றபோது அத்தான் எழுந்து நின்றார். முப்பத்தொன்று என்றபோது அக்கா என் தோளைப் பிடித்தாள், நகம் பதிந்த தடம் மறுநாள்வரை இருந்தது. அறுபதைத் தாண்டியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நிறுத்த முடியவில்லை. பதினான்கே நிமிடத்தில் நூறு. இப்படியொரு சந்தோஷம் எனக்கு என் சொந்தத் தேர்வு எதிலும் வந்ததில்லை.

கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது, மறுபடி அணைந்து எழுந்தது.  இரண்டு மணிக்கு முகப்பு வந்தது. இரண்டே காலுக்குத் தேர்வு மென்பொருளை இறக்கினோம். அத்தான் கட்டிலில் கிடந்த கேமராவைத் தேடி மாட்டினார். தேர்வுக் கண்காணிப்பாளர்கள் கேமராவில் அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள். ஸ்பானர், போல்ட், கழற்றிய தகடு எல்லாவற்றையும் நாங்கள் வாரிக்கொண்டு வெளியே ஓடினோம். இரண்டு ஐம்பதுக்கு உள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. “திறந்துடுச்சுங்க.”

ஒன்றரை மணி நேரம் அத்தான் கதவுக்கு வெளியே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் தும்மப் போனபோது என் மூக்கையே பிடித்துவிட்டார். துவைக்கும் மெஷினின் மணி தவறி அடித்துவிடுமோ என்று அதன் ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். உள்ளே அவள் தட்டச்சு செய்யும் சத்தம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. நின்றால் இவர் உயிரும் நின்றிருக்கும்.

நாலரைக்குக் கதவு திறந்தது. முடிவு அப்போதே திரையில் வந்துவிடும். அவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

“கிடைச்சிடுச்சு” என்றாள். “அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி சேரணுமாம்.”

நான் சத்தம் போட்டதில் மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து என்ன விஷயம் என்று கேட்டுவிட்டுப் போனார். அத்தான் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார், மனைவியின் கையைக் குலுக்குகிறோம் என்று தெரிந்து விட்டுவிட்டார், திரும்பவும் பிடித்துக்கொண்டார். சிரித்துக்கொண்டேதான் இருந்தார்.

“அப்ப இனிமே நான் எந்தக் கட்டடத்துல இருக்கேன்னு உனக்குத் தெரியாது” என்றார்.

அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றது. பதினாறு வருடமாக அவர் போகும் இடமெல்லாம் அவள் சொல்லித்தான் போயிருக்கிறார். கிளம்பும்போதும் அவள் குரல், வேலை முடிந்தது என்று சொல்லும்போதும் அவள் குரல்.

“காலையிலேருந்து இதையா நினைச்சுக்கிட்டு இருந்தீங்க?”

“அந்த மெயிலைப் பார்த்தேன்ல, அப்பலேருந்து” என்றார் அத்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து.  அந்த நான்காவது போல்ட் மட்டும் வராமல் இருந்திருந்தால் அக்கா தேர்வே எழுதியிருக்க மாட்டாள், எதுவுமே மாறியிருக்காது. அதை அந்தத் திருகு திருகியது இந்த மனிதர்தான்.