மூன்று ஸ்னோ டயரும் நான்கு தேசிக்காயும்

எங்கள் வீட்டில் யாராவது தேவைக்கு மிஞ்சி முன்னேற்பாடு செய்தால், "ஸ்னோ டயர் போட்டாச்சோ?" என்று கேட்போம். தெருமுனைக் கடைக்குப் போக அப்பா குடையும் மழைக்கோட்டும் மாற்றுக் காலுறையும் எடுத்து வைத்தால் இந்தக் கேள்வி வரும். பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு நான் இரண்டு பை கட்டினால், நாள் முழுக்க ஆங்கிலம் பேசுகிற என் மகள் இதை மட்டும் தமிழில் சொல்லிவிட்டுப் போவாள். அவளுடைய தமிழில் பாதி இதுதான். ஓக்லாந்தில் ஸ்னோ கொட்டி நான் பார்த்ததில்லை. மழை கொட்டும், அது நின்றால் தூறல், அது நின்றால் இன்னொரு மழை. அப்படிப்பட்ட ஊரில் எங்களுக்கு இப்படியொரு பேச்சு வாய்த்ததற்குக் காரணம் கனடாப் பெரியப்பா.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஹில்ஸ்பரோவில் ஒரு சரிவில் எங்கள் வாடகை வீடு. அம்மாவுக்கு பென்ரோஸில் மருந்துப் பொதி கட்டும் இடமொன்றில் வேலை சரிவந்திருந்தது. காலை ஆறு மணிக்கு நிற்கவேண்டும், அந்த நேரத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து பஸ் கிடையாது. லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வாருங்கள், மாதக் கடைசி வரை இடத்தை வைத்திருக்கிறேன் என்று மேலாளர் சொல்லிவிட்டார். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அம்மா வீட்டோடு இருந்தவர். மேலாளரோடு கதைத்துவிட்டு ஃபோனை வைத்ததும் குசினிக்குள் போய், அடுப்பில் ஒன்றுமே இல்லாமல் அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சிரித்தபடி நின்றார். ஓட்டுநர் சோதனைக்கு வெள்ளிக்கிழமை காலை இடம் கிடைத்தது. அதைத் தவறவிட்டால் அடுத்த இடம் கிடைக்கும்போது மாதமும் முடிந்திருக்கும், வேலையும் போயிருக்கும்.

அதற்கு முந்தைய சனிக்கிழமைதான் எங்கள் கார் வாரண்டில் விழுந்தது. கார் தெருவில் ஓடத் தகுந்தது என்று பார்த்துக் கண்ணாடியில் ஒட்டிவிடும் துண்டைத்தான் இங்கே வாரண்ட் என்போம். நாலு டயரும் மொட்டை, மாற்றாமல் தரமாட்டேன் என்றார் சோதித்தவர். அந்தத் துண்டு இல்லாத காரில் ஓட்டுநர் சோதனை அதிகாரி ஏறவே மாட்டார்.

வேறு எந்த வாரமாக இருந்தாலும் அப்பா மவுண்ட் வெல்லிங்டனில் உள்ள பழைய டயர் யார்டுக்குப் போய், நாலு செக்கண்ட் ஹாண்ட் டயர் போட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருப்பார். ஆனால் அந்த வாரம் அவருடைய அண்ணர் ரொறன்ரோவிலிருந்து வந்து எங்கள் வீட்டில் நின்றார்.

ஜூன் மாதம் இங்கே குளிர்காலம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் விமான நிலையத்தில் இறங்கியதே முழங்கால் வரைக்குமான ஸ்னோ ஜாக்கெட்டோடுதான். பக்கத்தில் அரைக்காற்சட்டையும் ரப்பர்ச் செருப்புமாக ஒரு வெள்ளைக்காரர் நின்று ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் நெடுநேரம் பார்த்தார்கள். ஆனாலும் பெரியப்பா தோற்கவில்லை. எங்கள் வீட்டுக்குள் வந்ததும், "வெளிய விட உள்ள குளிருது. இது வீடோ, ஐஸ் பெட்டியோ?" என்று கேட்டு, அந்த ஜாக்கெட்டோடேயே சாப்பிட்டார், டிவி பார்த்தார். அதிலே அவர் சொன்னதில் பிழையில்லை. ஓக்லாந்து வீடுகள் அப்படித்தான்.

பெரியம்மா வரவில்லை. அவவுக்குப் பிரயாணம் ஒத்துவராது என்றார். கனடாவிலும் பெரியம்மா எங்கே போனாலும் பஸ்ஸில்தான் போவாவாம், அவர் ஓட்டுகிற காரில் ஏறமாட்டாவாம். "அவவுக்கு பஸ்தான் விருப்பம்" என்று பெரியப்பா சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

டயர் விஷயம் காதில் விழுந்த அன்றே பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன டயர் போடப்போறாய்?"

"செக்கண்ட் ஹாண்ட் நாலு போட்டாக் காணுமண்ணை."

"வின்டர் டயரோ?"

"இஞ்ச அதெல்லாம் தேவையில்லையண்ணை. எல்லாரும் ஆல் சீசன்தான் போடுறவை."

"ஆல் சீசன்!" பெரியப்பா தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார். "எல்லாக் காலத்துக்கும் சரிவாற செருப்பு எண்டு ஒண்டு இருக்கோ? எல்லாக் கறிக்கும் சரிவாற தூள் எண்டு ஒண்டு இருக்கோ? ஆல் சீசன் எண்டா ஒரு சீசனுக்கும் உதவாது எண்டு அர்த்தம்."

"அத்தான், எங்கட வீட்டில எல்லாக் கறிக்கும் ஒரே தூள்தான்" என்றார் அம்மா குசினியிலிருந்து. தூள் ஊரிலிருந்து வந்தது. பெரியப்பா காது கேளாதவர் போல இருந்துவிட்டார்.

ஞாயிறு முழுக்க அதே கதைதான். குளிரில் ரப்பர் எப்படி இறுகும், ஈரத்தில் எப்படி வழுக்கும், எங்கள் வீட்டுச் சரிவில் கார் எங்கே போய் முட்டும் என்று மேசையில் பிஸ்கட்டை ஓட்டிக் காட்டினார். முட்டிய பிஸ்கட்டை நான் சாப்பிட்டேன். அப்பா கொட்டாவியை விழுங்கி விழுங்கித் தலையாட்டினார். அவரைப் பொறுத்தவரை அண்ணர் சொன்னால் மறுபேச்சில்லை.

"என்னப்பா, வெள்ளிக்கிழமை டெஸ்ட்" என்றார் அம்மா.

"அண்ணை நாளைக்கு நிண்டு பார்த்து எடுப்பம் எண்டுறார்."

"கார் எடுக்கிறீங்களோ, மாப்பிள்ளை எடுக்கிறீங்களோ?"

திங்கட்கிழமை பின்னேரம் அப்பாவும் பெரியப்பாவும் நானும் யார்டுக்குப் போனோம். அதை நடத்தியவர் ஒரு பிஜிக்காரர். அவருடைய முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள். தமிழில் அவருக்கு மிச்சமிருந்தது 'அண்ணே' என்ற சொல்லும் இரண்டு முருகன் பாட்டும். மற்றதெல்லாம் ஆங்கிலம். பெரியப்பா ஸ்னோ டயர் கேட்டதும் அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லமுடியாது. ஜப்பானில் குளிர்ப்பக்கத்திலிருந்து கப்பலில் வரும் பழைய கார்கள் சில அந்த டயரோடேயே வருமாம். கழற்றி வைத்தால் ஓக்லாந்தில் ஒருத்தரும் சீண்டமாட்டார்களாம். யார்டின் பின்புறம் கூட்டிப்போய்க் காட்டினார். டயருக்கு நடுவில் புல் முளைத்து, அதற்குள்ளே ஒரு கோழி படுத்திருந்தது.

கோழியை எழுப்பிவிட்டுப் பார்த்தால், எங்கள் காருக்குப் பொருந்துவது மூன்றுதான். நாலாவதை யாரோ பிள்ளைக்கு ஊஞ்சல் கட்ட வாங்கிப் போய்விட்டார்.

"மூண்டைப் போடுவம். நாலாவதுக்கு உம்மட ஆல் சீசனைப் போடும்" என்றார் பெரியப்பா.

வாரண்ட் கிடைக்காது அண்ணே, நாலும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று பிஜிக்காரர் சொல்லத்தான் செய்தார். இருபது வருஷம் ஸ்னோவில் ஓட்டியவருக்கா டயர் சொல்லித்தருகிறாய் என்று பெரியப்பா ஒரு பார்வை பார்த்தார். அப்பா வானத்தைப் பார்த்தார். நான் கோழியைப் பார்த்தேன். மூன்றும் ஒன்றுமாகப் போட்டுக்கொண்டு வந்தோம்.

புதன்கிழமை வாரண்டில் கார் மறுபடி விழுந்தது.

"நாலும் ஒரே சாதியா இருக்கோணுமாம்" என்றார் அப்பா வாசலில் நின்றபடி.

"அதை ஊரோட விட்டிட்டு வந்தம் எண்டெல்லோ நினைச்சன்" என்றார் அம்மா. பிறகு சிரிக்கவில்லை. கையைத் துடைத்துவிட்டு அறைக்குள் போனவர் நெடுநேரம் வெளியே வரவில்லை. சாப்பாட்டு மேசையில் மூன்று பேர், மூன்று கோப்பை. பெரியப்பா தன் ஜாக்கெட்டின் ஸிப்பை மேலே இழுப்பதும் கீழே இழுப்பதுமாக இருந்தார்.

அடுத்த நாள் அம்மா வேறு ஆளாக எழும்பினார். நான் பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்துக் கட்டும்போது யார்டுக்கு ஃபோன் எடுத்து, தன் ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். உங்களிடம் இருக்கும் சாதாரண டயரில் ஸ்னோ என்று ஏதாவது எழுதியிருக்கிறதா? அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, "குட். அதையே எடுத்து வையுங்கோ" என்று வைத்துவிட்டார்.

அப்பா வேலையால் வந்ததும் 'எல்' பலகையை மாட்டி அம்மாவே காரை ஓட்டினார். பக்கத்தில் அப்பா. பின்னுக்கு நானும் பெரியப்பாவும். பெரியப்பா வழி முழுக்கக் கதவுப் பிடியை விடவில்லை. யார்டில் நாலு செக்கண்ட் ஹாண்ட் ஆல் சீசன் டயர்கள் கழுவித் துடைத்து வரிசையாக நின்றன.

"அத்தான், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இதில என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்கா வாசியுங்கோ."

பெரியப்பா குந்தியிருந்து வாசித்தார். "எம். பிளஸ். எஸ்."

"எஸ் எண்டா என்ன தம்பி?" என்று அம்மா ஒன்றும் அறியாதவர் போலப் பிஜிக்காரரைக் கேட்டார்.

"ஸ்னோ, ஆன்ட்டி! மட் அண்ட் ஸ்னோ!" என்று அவர் பாடமாக்கியதை ஒப்புவிக்கும் பிள்ளை போலக் கத்தினார்.

"கேட்டீங்களோ அத்தான்? சேத்துக்கும் ஸ்னோவுக்கும். ஸ்னோ வராட்டிலும் சேறு வரும்."

பெரியப்பா உடனே எழும்பவில்லை. அந்த எழுத்துகளின் மேல் பெருவிரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார், அழியுமோ என்று பார்ப்பவர் போல. பிறகு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"சரி பிள்ளை. எழுதியிருந்தாச் சரி."

அப்பா மூச்சு விட்டது எனக்கே கேட்டது. வாரண்ட் பார்க்கும் இடம் பூட்டும் நேரத்தில் போய் அதையும் எடுத்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமை காலை சோதனை நிலையத்தில் அதிகாரி, நெடுத்த ஒரு பெண், முன்கண்ணாடித் துண்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஓட்டுநர் இருக்கையில் விறைத்துப்போய் இருந்தார். அப்போதுதான் பெரியப்பா சப்பாத்துக் கயிறு கட்டுகிற சாட்டில் காரைச் சுற்றி ஒரு வலம் வந்தார். புது டயர் உருளும்போது தேசிக்காய் நசுக்காமல் எடுப்பதாவது! பக்கத்து வீட்டு மரத்தில் எலுமிச்சை குளிர்காலத்தில்தான் காய்த்துத் தள்ளும். ஊர்த் தேசிக்காய் போலச் சின்னதல்ல, ஒவ்வொன்றும் குழந்தையின் கைமுட்டி அளவு. ஜாக்கெட்டின் நாலு பொக்கெட்டிலிருந்தும் நாலை எடுத்து நாலு டயருக்கும் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல எங்களோடு வந்து நின்றார்.

அதிகாரி ஏறினார். அம்மா கண்ணாடி பார்த்து, விளக்குப் போட்டு, தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்து, எடுத்தார்.

படார், படார் என்று வெடித்தது. ஒரு விதை பறந்து வந்து அப்பாவின் கன்னத்தில் ஒட்டியது. கார் நின்றது. அதிகாரி இறங்கி, நசுங்கிய நாலையும் சுற்றிப் பார்த்து, அம்மாவிடம் ஏதோ கேட்டார். அம்மா ஏதோ சொன்னார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

இவை இங்கே இருந்தது உங்களுக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி. தெரியும், கண்ணாடியில் பார்த்தேன், வைத்தவர் என் கணவரின் அண்ணா, இது டயருக்கு, சேஃப்டிக்கு என்பது பதில். சேஃப்டி என்ற சொல் இந்த ஊர் அதிகாரிகளிடம் எடுபடும் என்று அம்மாவுக்கு எப்படித் தெரிந்ததோ. அதிகாரி திரும்ப ஏறினார். அரைமணிக்கு மேல் கழித்து வந்தபோது அம்மாவின் முகத்தைப் பார்த்தே பாஸ் என்று தெரிந்தது. வேண்டுமென்றே பழத்துக்கு மேல் ஏற்றிய முதல் ஆள் நீங்கள்தான் என்றாராம் அதிகாரி.

கனடாப் பெரியப்பாவை அம்மா இரண்டு எழுத்தில் மடக்கிய கதை என்று இதை எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறோம். நானும் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு ரொறன்ரோ போனபோது பெரியம்மாவுக்குச் சொன்னேன். தடியை ஊன்றி, ஒரு காலை மெல்ல இழுத்து நடந்து தேத்தண்ணி கொண்டுவந்த பெரியம்மா, தேசிக்காய் வெடித்த இடத்தில் கண்ணில் நீர் வரச் சிரித்தார். எம் பிளஸ் எஸ் என்றதும் சிரிப்பு நின்றது.

"எங்கட காரிலயும் அதுதான் எழுதியிருந்தது" என்றார். "வந்த முதல் வின்டர். ஆல் சீசன் காணுமோப்பா எண்டு கேட்டனான். ஸ்னோ எண்டு எழுதியிருக்கு, பயப்பிடாதையும் எண்டு உன்ர பெரியப்பாதான் சொன்னவர்." பிறகு தன் காலைப் பார்த்துவிட்டு, "தேத்தண்ணி ஆறுது, குடி" என்றார்.

சோதனை பாஸான அன்று அம்மா எங்களை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, தனியாக பென்ரோஸ் வரை போய்வருகிறேன் என்று புறப்பட்டார். தூறல் தொடங்கியிருந்தது. அப்பா படுத்துவிட்டார். பெரியப்பா மட்டும் ஜாக்கெட்டின் தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு, சரிவின் அடியைப் பார்த்தபடி கேட்டடியில் நின்றார். ஸ்னோவுக்குக் காவல் நிற்கிறார் என்று எனக்குச் சிரிப்பு. பகிடிக்குத்தான் பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"பெரியப்பா, ஸ்னோ வருமோ?"

"இல்லைப் பிள்ளை. இஞ்ச ஸ்னோ வராது. எனக்குத் தெரியும்."

அப்படியானால் உள்ளே வரவேண்டியதுதானே என்று நினைத்தேன். அவர் வரவில்லை. வெகுநேரம் கழித்து எங்கள் கார் முனையில் திரும்பி, சரிவில் மெதுவாக ஏறி வந்து நின்றது. பெரியப்பா குனிந்து அம்மாவிடம், "வழுக்கேல்லையோ?" என்று ஒன்று மட்டும் கேட்டார்.

"இல்லையத்தான். வழுக்கேல்லை."

அவர் ஜாக்கெட்டின் ஸிப்பைக் கீழே வரை இழுத்துத் திறந்துவிட்டார். வந்த நாளிலிருந்து வெளியில் அதை அவர் திறந்து நான் பார்த்ததில்லை. பெரியப்பாவுக்குக் கடைசியாகக் குளிர் விட்டுவிட்டது என்று உள்ளே ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன்.