மகனைத் தூக்க வேண்டிய உடம்பு

எழுபது வயதில் நான் உடம்பை வளர்க்கிறேன் என்று கடற்கரையில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களுடைய பிள்ளைகள் தங்கள் காலில் நிற்கிறார்கள். என் மகன் நிற்க மாட்டான், பிறந்ததிலிருந்து அப்படித்தான். இப்போது அவனுக்கும் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. பேச்சில்லை. கைகள் ஓரளவு வேலை செய்யும், இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. அவனுடைய தாய் இருந்தவரைக்கும் இரண்டு பேராகத் தூக்கினோம். அவள் போன பிறகு பாயிலிருந்து கதிரைக்கு, கதிரையிலிருந்து கிணற்றடிக்கு, திரும்பவும் பாய்க்கு, எல்லாம் நான்தான். அவன் என்னைவிடப் பாரம்.

ஆகவே நான் சாகக்கூடாது. விழவும் கூடாது. பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, எனக்குப் பின் அவனைத் தூக்க ஆளில்லை.

எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, என்று தெரிந்ததும் கிளினிக்கில் அந்த இளம் டொக்டர் பிள்ளை சொன்னதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை விட்டேன். இரவுச் சோற்றை விட்டேன். சுருட்டையும் விட்டேன், அதற்கு இன்றைக்கும் மனம் அடித்துக்கொள்ளும். பல் விளக்கும்போது கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கப் பழகினேன், விழாமல் இருப்பதற்காம். கல்யாண வீட்டில் பாயாசத்தைத் தள்ளி வைத்தால், "என்ன, நூறு வயசுக்குக் காத்திருக்கிறியளோ?" என்று கேட்பார்கள். "ஓம்" என்பேன். நான் விளையாட்டுக்குச் சொல்வதாக அவர்கள் நினைத்தார்கள்.

"காலமை நடவுங்கோ ஐயா. ஆனா சப்பாத்துப் போட்டு நடக்கோணும். உங்கட காலில உணர்ச்சி குறைஞ்சு போச்சு" என்று டொக்டர் படித்துப் படித்துச் சொன்னார். அதை மட்டும்தான் நான் கேட்கவில்லை. நான் நடப்பது கடற்கரையில். அங்கே கரைவலை குவிந்து கிடக்கும். வலை கிடக்கும் இடத்துக்கு எங்கள் ஆட்கள் செருப்போடு போவதில்லை. அந்த வலை தந்த சோற்றில் வளர்ந்தவன், கிழவனான பிறகு சப்பாத்தோடு அதன் பக்கத்தில் போவதா? சப்பாத்தைத் தோணி நிழலில் கழற்றி வைத்துவிட்டு நடந்தேன்.

வலையிலிருந்து கழித்துப் போட்ட கெளிறு மீனின் முள் ஒன்று உள்ளங்காலில் ஏறியிருக்கிறது. சின்ன வயதில் அந்த முள் குத்தினால் ஊரையே கூட்டுவோம். இப்போது எனக்குத் தெரியவே இல்லை. அதோடு எத்தனை நாள் நடந்தேனோ.

ஒரு மத்தியானம் மகன் சாப்பிடவில்லை. சோற்றையும் மீன் சொதியையும் பிசைந்து ஊட்டப் போனால் முகத்தைத் திருப்பினான். தொண்டைக்குள்ளிருந்து சத்தம் போட்டான். கையால் தட்டிவிட்டான், சோறு நிலமெல்லாம் சிதறியது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "தின்னடா! நான் ஆருக்காக உயிரோட கிடக்கிறன் எண்டு நினைக்கிறாய்?" என்று கத்தினேன். அவன் என் காலைப் பிடித்தான். உதறினேன், விடவில்லை. அவன் பாயில் கிடப்பவன், நாள் முழுக்க என் முகத்தைவிட என் பாதங்களைத்தான் அதிகம் பார்க்கிறான். குனிந்தேன். அவன் விரல்களில் என் காலின் சீழ் ஒட்டியிருந்தது.

"ரெண்டு விரல் எடுக்கோணும் ஐயா. ஆசுபத்திரி வாட்டில தங்கி நில்லுங்கோ" என்றார் டொக்டர்.

"ஏலாது பிள்ளை. ஆர் அவனைத் தூக்கிறது?"

"நிக்காட்டிக் காலே போயிடும். பிறகு எப்பிடித் தூக்குவியள்?"

நான் அந்தப் பிள்ளையின் முன்னால் வாய்விட்டு அழுதேன். வெட்கமாக இருக்கவில்லை.

பக்கத்து வீட்டு மச்சாளும் அவளுடைய மருமகனும் மகனைப் பார்த்துக்கொண்டார்கள். தங்கமான சனம். நேரத்துக்குச் சாப்பாடு கொடுத்தார்கள், உடம்பு துடைத்தார்கள். ஆனாலும் நான் திரும்பி வந்து அவனைப் புரட்டியபோது முதுகில் படுக்கைப் புண். இரவில் எழும்பி எழும்பித் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் செத்த பிறகு அவன் எப்படி இருப்பான் என்பதை அன்று என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன்.

இப்போது துறைமுக வீதியில் நடக்கிறேன், சப்பாத்தோடு, நொண்டி நொண்டி. எங்கள் ஊரில் மாடுகள்போலத் தெருவில் திரியும் மான்கள்கூட எனக்கு வழி விடுவதில்லை. வீட்டுக்கு வந்ததும் பாயருகே உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டுவேன். அவன் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சோற்றுக்கு வாய் திறப்பான்.

கால் ஆறியபின் வந்த வெள்ளிக்கிழமை மச்சாள் என்னைக் காளி கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அர்ச்சனைத் தட்டைக் கையில் தந்து, "பிள்ளையின்ர பேரில செய்யுங்கோ அத்தான். நீண்ட ஆயுள் கிடைக்கட்டும்" என்றாள். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். நான் என் பெயரைச் சொன்னேன்.

"பிள்ளையின்ர பேரையும் சொல்லுங்கோவன்" என்று மச்சாள் இடித்தாள்.

அவனுக்கு நீண்ட ஆயுள் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எந்தத் தகப்பனுக்கும் இந்த நிலை வரக்கூடாது. "எனக்கு மட்டும்தான் ஐயா" என்றேன். மச்சாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

தாயே, நூறு வயது வேண்டாம். அவனைவிட ஒரே ஒரு நாள் கூடுதலாகத் தா. கடைசியாக ஒருதரம் அவனைத் தூக்கிச் சுடலைக்குக் கொடுத்துவிட்டு, வந்து தலைமுழுக.