லிவர்பூல்காரர் வென்ற பின்னேரம்

உலகத்திலேயே பெரிய ரொக் இசைக்குழு எது என்ற வாதத்தில் சென்ற ஆண்டு நான் வென்றுவிட்டேன். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாக இழுபட்ட வழக்கு அது. என் பக்கம் லிவர்பூல்காரர், என் நண்பன் பக்கம் லண்டன்காரர். அவன் ஒரே வார்த்தையில் விட்டுக்கொடுத்தான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு குழுக்களும் இங்கிலாந்துக் குழுக்கள்தான். அவற்றின் பெயர்களை நாங்கள் சொல்வதில்லை. ஊர் ஊராகக் கரப்பந்தாட்டக் குழுக்களைச் சொல்கிற பழக்கத்தில் இவர்களையும் ஊரைச் சொல்லியே கூப்பிட்டோம். நாங்கள் இருவரும் அந்த இரண்டு ஊர்களையும் கண்ணால் கண்டவர்கள் இல்லை. அதனால் என்ன? லிவர்பூல் என்ரை ஊர் மாதிரித்தான் நான் சண்டை பிடித்தேன்.

அவன் யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருவில் இருந்தான். தகப்பனுக்கு இரும்புக்கடை. நான் கொக்குவில். உயர்தரப் பரீட்சைக்கு ஒரே ரியூசனில் படித்தோம். அவனுடைய மாமா ஒருவர் சவூதியிலிருந்து கொண்டுவந்த கசெற்றுகளால் அவனுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது; அவனிடமிருந்து எனக்குத் தொற்றியது. தொற்றின கையோடு நான் எதிர்க்கட்சிக்குப் போய்விட்டேன். ஒருவர் சொன்னதற்கு ஓம் என்று சொல்வது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். அங்கேயும் என் வாய்க்கு நல்ல பெயர் இல்லை.

ரியூசன் முடிந்து சைக்கிளில் ஏறும்போது வாதம் தொடங்கும்.

“உன்ரை ஆக்கள் நல்ல பிள்ளையள் மாதிரித் தலை இழுத்து, கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து பாடினவங்கள்” என்பான் அவன். “பொம்பிளை பாக்கப் போன வீட்டிலை பாடக்கூடிய பாட்டு. லண்டன்காரர் அப்பிடியோ? அவங்களின்ரை டிரம்ஸ் அடியைக் கேட்டால் நெஞ்சு தானா எழும்பும்.”

“ஒரே அடியைத்தானே திருப்பித் திருப்பி அடிக்கிறாங்கள்” என்பேன் நான். “என்ரை ஆக்கள் ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் ஒவ்வொரு மாதிரி.”

“ஒண்டா இருக்கத் தெரியாதவங்கள் என்னண்டு பெரிய ஆக்கள்? பத்து வருஷத்திலை பிச்சுக்கொண்டு போட்டாங்கள். லண்டன்காரர் நிண்டு காட்டினவங்கள்.”

இந்த இடத்தில்தான் நான் என் கடைசி அம்பை விடுவேன். “போக வேண்டிய நேரத்திலை எழும்பிப் போகத் தெரியோணும். அதுதான் கெட்டித்தனம். உன்ரை ஆக்களுக்கு அது தெரியாது.” இதைக் கேட்டதும் அவன் நடுத்தெருவில் பிரேக் பிடிப்பான். பின்னால் வருகிறவர்கள் ஏசுவார்கள். அவனுக்குக் காது கேட்காது.

அவன் வீடு ஒரு பக்கம், என் வீடு மற்றப் பக்கம். வாதம் முடியாததால் அவன் என்னோடு கொக்குவில் வரை வருவான். எங்கள் வீட்டுப் படலையடிக்கு வந்தும் முடியாது. நான் சைக்கிளைத் திருப்பி அவனோடு சோனகத் தெரு வரை போவேன். அங்கேயும் முடியாவிட்டால் பாதித் தூரம் திரும்பவும் என்னோடு வருவான். “உங்களுக்கு ஆளுக்கொரு வீடு இருக்கோ இல்லையோ?” என்று அம்மா ஒருநாள் கேட்டா. இருந்தது. அந்தக் காலத்தில் இருவருக்கும் இருந்தது.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், துவக்கு வைத்திருந்த இயக்கக்காரர் முஸ்லிம்கள் எல்லோரையும் சில மணி நேரத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொன்னார்கள். செய்தி எனக்கு அடுத்த நாள்தான் வந்தது. சைக்கிளில் போய்ப் பார்த்தேன். அவன் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. கொடியில் அவனுடைய சாரம் ஒன்று காய்ந்து விறைத்துப் போயிருந்தது. யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று பிறகு எல்லோரும் சொன்னோம். அது உண்மைதான். ஆனால் யாரும் ஒன்றும் சொல்லக்கூட இல்லை. வாய்க்குப் பேர்போன நானும் சொல்லவில்லை.

அவன் இரவல் தந்த லண்டன்காரரின் கசெற் ஒன்று என்னிடம் இருந்தது. “கேட்டுப்போட்டு வந்து கதை” என்று சொல்லித் தந்தது. பிறகு மின்சாரமே இல்லாத ஆண்டுகள் வந்தன. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் அந்தக் கசெற்றைக் கேட்டேன். கை ஓய்ந்தால் பாடகரின் குரல் கிணற்றுக்குள் இறங்கும். திரும்பச் சுற்றினால் மேலே வரும். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், மிக நன்றாக இருந்தது. அதை ஒத்துக்கொள்வதற்கோ மறுப்பதற்கோ எதிரே ஆளில்லை. பிறகு வந்த இடப்பெயர்வில் கசெற்றும் தொலைந்தது.

அவன் புத்தளத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அங்கேயே கல்யாணம், அங்கேயே இரும்புக்கடை. யுத்தம் முடிந்து பாதை திறந்த பிறகும் நான் தேடிப் போகவில்லை. என்ன முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று நாளை நாளை எனத் தள்ளிப்போட்டேன். தள்ளிப்போடுவதில் நான் வலு கெட்டிக்காரன்.

கடைசியில் சென்ற ஆண்டு அவனே வந்தான். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வாசலில் வெள்ளைத் தாடியோடு ஒருவர் நின்றார். “சேர், என்னைத் தெரியுதோ?” என்று கேட்டார். குரலில் பிடித்துவிட்டேன். கட்டிப்பிடித்து நின்றோம். சேர் என்று பகிடிக்குச் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன்.

தகப்பனின் காணியைப் பார்க்க மனைவியோடு வந்திருந்தான். உறவினர் ஒருவர் வீட்டில் தங்கியிருந்தார்கள். “பிள்ளையள் அங்கை வேரூண்டிட்டினம். நாங்கள் ரெண்டு பேரும் இஞ்சை ஒரு வீட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தால் என்ன எண்டு ஒரு யோசினை” என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நிமிடமே மனதுக்குள் அத்திவாரம் வெட்டத் தொடங்கிவிட்டேன். எந்த மேசனைப் பிடிப்பது, கிணற்றை எப்போது இறைப்பது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். ஓய்வுபெற எனக்கு இன்னும் கொஞ்சக் காலம்தான் இருந்தது. அதன்பிறகு ஒவ்வொரு பின்னேரமும் சண்டை பிடிக்க ஒரு ஆள்! இதைவிட ஒரு மனிசனுக்கு வேறு என்ன வேண்டும்?

அடுத்த நாள் காணிக்குப் போனோம். நாலு சுவரும் ஒரு வேப்பமரமும் மிச்சம். பக்கத்துக் காணிக்காரர் மதில் கட்டியபோது கணிசமாக இவன் பக்கம் தள்ளிக் கட்டியிருந்தார். எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. நியாயம் கேட்கச் சாரத்தை மடித்துக் கட்டினேன். அவன் என் கையைப் பிடித்தான்.

“பரவாயில்லை, சேர். இருக்கட்டும். மனிசர் எங்களுக்குப் பிறகு வந்தவர், அவருக்குத் தெரிஞ்சிராது.”

“என்னடா, சேர் சேர் எண்டு? உன்ரை காணியடா!”

“ஓம், ஓம்” என்று சிரித்தான்.

திரும்பும் வழியில் தேநீர்க் கடைக்குப் போனோம். அவன் சீனி வருத்தக்காரன்; பாலும் சீனியும் இல்லாத பிளேன்ரீ கேட்டான். பையன் சீனி போட்ட பால்தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தான். அவன் அதையே எடுத்துக் குடித்தான். முன்னொரு காலத்தில் நெல்லிரசத்தில் ஐஸ் குறைந்ததற்குக் கூல்பார் முதலாளியைச் சண்டைக்கு வெளியே கூப்பிட்டவன் அவன். எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. பயணக் களைப்பு என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து இருவரையும் எங்கள் வீட்டுக்கு அழைத்தேன். மனைவி பருத்தித்துறை வடை வாங்கி வைத்திருந்தா. தேத்தண்ணி ஆறுமுன் நான் வழக்கைத் தொடங்கிவிட்டேன். அந்தப் பின்னேரத்துக்காக முப்பது வருசத்துக்கு மேல் காத்திருந்தவன் நான்.

“எப்பிடி, இப்பவும் லண்டன்காரர்தானோ?”

அவன் கண்ணில் ஏதோ ஒன்று பளிச்சென்று வந்தது. நான் கண்டேன், சத்தியமாகக் கண்டேன். அடுத்த கணம் அது போய்விட்டது. “லிவர்பூல்காரரும் பெரிய ஆக்கள்தானே” என்றான்.

அந்த ‘தானே’ எனக்குப் போதவில்லை. சீண்டினேன். உன்ரை ஆக்களைவிட எங்கள் கோயில் மேளக்காரர் கிற்றாரை நன்றாக வாசிப்பார்கள் என்றேன். சிரித்தான். பாட்டு எழுதத் தெரியாத கிழவர்கள் இன்னும் மேடையில் துள்ளுகிறார்கள், பார்க்க வெட்கமாக இருக்கிறது என்றேன். “ஓம், வயசு போட்டுதுதான்” என்றான். நான் எறிந்த கல் எல்லாம் பஞ்சில் விழுந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. அவனை எப்படியாவது அந்தப் பழைய சைக்கிளில் ஏற்றிவிட வேண்டும் என்ற ஆத்திரம். அந்த ஆத்திரத்தில் பழைய அம்பை எடுத்து விட்டேன்.

“போக வேண்டிய நேரத்திலை எழும்பிப் போகத் தெரியோணும், மச்சான். உன்ரை ஆக்களுக்கு அது தெரியாது.”

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. மனைவி வடைத் தட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றா. அவனுடைய மனைவி நிலத்தைப் பார்த்தா. இசையைத்தான் சொன்னேன் என்று விளக்க வாய் எடுத்தேன். விளக்கினால் இன்னும் கேவலமாகும் என்று தெரிந்து மூடினேன்.

அவன் கோப்பையை மெதுவாக வைத்தான். “ஓம். நீங்கள் சொல்லுறது சரிதான்” என்றான். “லிவர்பூல்காரர்தான் பெரிய ஆக்கள்.”

அதுதான் என் வெற்றி.

போகும்போது அவன் ஓட்டோவைக் கூப்பிடத் தெருவுக்கு இறங்கினான். அவனுடைய மனைவி படலையடியில் கொஞ்சம் பின்தங்கி நின்றா. புத்தளத்தில் பிறந்து வளர்ந்தவா அவா.

“அண்ணன், இவர் அங்க இப்பிடி இல்ல” என்றா. “கடைக்கு வாற கூட்டாளிமாரோட இந்தப் பாட்டுக்காரங்களப் பத்தித்தான் எந்த நேரமும் சண்ட. தொண்ட கட்டிப் போற வரைக்கும் கத்துவார். யாழ்ப்பாணத்துல ஒருத்தன் இருக்கான், அவன்ட வாய அடைக்கத்தான் நான் ஒருநாளைக்குப் போகணும்னு எல்லாருக்கும் சொல்வார். இந்தப் பயணத்துக்கு முன்னாலயும் அதத்தான் சொல்லிட்டிருந்தார். இங்க வந்து எறங்கின நேரத்துல இருந்து எல்லாத்துக்கும் ஓம் ஓம் எங்கிறார். எனக்கு ஒண்ணும் வெளங்கல.”

எனக்கு விளங்கியது. மதில்காரரோடு சண்டை வேண்டாம், கடைக்காரப் பையனோடு சண்டை வேண்டாம், என்னோடும் வேண்டாம். இந்த ஊரில் யாரையும் எதிர்த்து ஒரு சொல் சொல்வதில்லை என்று பஸ்ஸை விட்டு இறங்கிய உடனேயே அவன் முடிவெடுத்திருக்கிறான். நான் அவனுடைய கூட்டாளியாக இல்லாமல், இந்த ஊர்க்காரரில் ஒருவனாகப் போய்விட்டேன். இதைப்போல என் வாழ்க்கையில் எதுவும் சுட்டதில்லை.

அவர்கள் புத்தளம் திரும்பிப் போனார்கள். வீடு கட்டுகிற கதை அதற்குப் பிறகு எழும்பவில்லை. காணியைப் பார்த்துக்கொள்ள யாரையோ ஒழுங்கு செய்திருப்பதாக உறவினர் சொன்னார். என் மனதுக்குள் வெட்டிய அத்திவாரம் அப்படியே கிடந்தது.

சில கிழமைகள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தொலைபேசி அடித்தது. எடுத்தால் பின்னால் லொறிச் சத்தம், இரும்புக் கம்பி இறக்குகிற சத்தம்.

“டேய்!” என்றான். “அண்டைக்கு நீ கதைச்சது முழு விசர்க் கதை.”

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

“என்ன சொன்னனீ? எழும்பிப் போறதுதான் கெட்டித்தனமோ? ஆரடா உனக்குச் சொன்னது, உன்ரை ஆக்கள் விரும்பிப் போனவங்கள் எண்டு? அடிபட்டுப் பிரிஞ்சவங்களடா. இருக்க ஏலாமல் போனவங்கள். அதைப்போய் ஒரு பெருமையெண்டு கதைக்கிறாய். உலகத்திலை எவனாவது நல்லா இருக்கிற இடத்தை விட்டுத் தானா எழும்பிப் போவானோ? நிக்கிறவன்தான் பெரியவன். லண்டன்காரர் நிக்கிறாங்கள். விளங்குதோ?”

கத்தினான். கம்பி இறக்குகிறவர்களைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டுத் திரும்பவும் கத்தினான். என் லிவர்பூல்காரர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி இழுத்துப் போட்டு அடித்தான். என் கண்ணால் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்துபோனா.

அவன் மூச்சு வாங்கிய இடத்தில் கேட்டேன். “இதை ஏன்ரா இஞ்சை வரேக்கை சொல்லேல்லை?”

அவன் லொறியின் எஞ்சினை நிறுத்தச் சொன்னான்.

“அங்கையோ?” என்றான். குரல் தணிந்திருந்தது. “விருந்துக்குப் போன இடத்திலை ஆரும் சண்டை பிடிப்பினமோ, மச்சான்?”

இது உன்ரை ஊரடா என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. அதைச் சொல்ல வேண்டிய நாளில் சொல்லாதவன், இப்போது தொலைபேசியில் சொல்லி என்ன? எப்போது திரும்ப வருவாய் என்று கேட்கவும் பயமாக இருந்தது. வந்தால் அவன் திரும்பவும் நீங்கள் என்பான், ஓம் என்பான், சீனி போட்ட தேத்தண்ணியைக் குடிப்பான்.

“லண்டன்காரருக்கு ஒரு பாட்டுக்கூட ஒழுங்கா எழுதத் தெரியாது” என்றேன்.

“போடா விசரா” என்று தொடங்கினான். நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.